வாடகை வீடும் ஆப்த வாக்கியமும்



இன்றைய சொற்பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்ட விஷயம் இத்தகைய மண்டபத்தில் பேசுவதற்கேற்ற கம்பீரம் உடையதுதானா என்று உங்களில் சிலர் ஐயுறக்கூடும். வீட்டை வாடகைக்கு விடுவது எப்படி என்று கைபேசி வாயிலாக ஊரெல்லாம் உபதேசம் நடக்கிற இக்காலத்தில், உபதேசம் செய்கிறவர் மெய்யாகவே ஒரு வீட்டைக் குடித்தனத்துக்கு விட்டு அதன் சுகதுக்கங்களை அனுபவித்தவர்தாமா, பிறர் சொல்லக் கேட்டதைத் தம் குரலில் திருப்பிச் சொல்கிறவரா என்பதை, அவருடைய முகத்தையும் அறியாத நாம் எவ்வாறு நிதானிப்பது என்பதே அந்த விஷயம். ஆயுட்காலச் சேமிப்பையெல்லாம் செங்கல்லிலும் சிமெண்டிலும் போட்டுவிட்டு, மேல்மாடி வாடகையைக் கொண்டு மருந்துச் செலவைச் சரிக்கட்ட எண்ணியிருக்கும் ஓய்வூதியக்காரர்கள் இந்தச் சபையிலேயே பலர் இருப்பார்களாதலால், கம்பீரம் குறைந்தாலும் பிரயோஜனம் குறையாது என்ற தைரியத்தில் தொடங்குகிறேன்.

முன்னாட்களில் மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ ஒருவர் தம் வீட்டில் ஒரு போர்ஷனைக் குடித்தனத்துக்கு விட நினைத்தால், யோசனை கேட்க அவர் அடுத்த தெருவைத் தாண்டிப் போகவேண்டியதில்லை. யோசனை சொல்பவரின் வீடு எது, அதில் எத்தனை குடித்தனம், கிணற்றடியில் யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, வாடகைப் பாக்கிக்காக அவர் எத்தனை வருஷம் கோர்ட்டுப் படியேறினார் என்பவையெல்லாம் கேட்பவருக்கு முன்னரே தெரியும். ஆகவே, சொல்லை நிறுத்துப் பார்ப்பதற்கு வேண்டிய படிக்கல் அவர் கையிலேயே இருந்தது. இன்று யோசனை தாராளமாகக் கிடைக்கிறது, படிக்கல்தான் காணோம். சொல்பவரின் வீடு எந்த ஊரில் இருக்கிறது, இருக்கவே இருக்கிறதா என்பதுகூட நமக்குத் தெரியாது. குரலில் உள்ள உறுதியையும், கேட்டுத் தலையசைத்தவர்களின் எண்ணிக்கையையும் பார்த்து நாம் நம்பத் தொடங்குகிறோம். இவ்விரண்டும் அனுபவத்துக்கு அடையாளம் அல்ல என்பது என் துணிபு.

நம் நாட்டுத் தர்க்க சாஸ்திரிகள் இந்தக் கேள்வியை மிகப் பழங்காலத்திலேயே எடுத்துக்கொண்டு விசாரித்திருக்கிறார்கள். பிரத்தியட்சம், அனுமானம், உபமானம், சப்தம் என்று அறிவுக்கு நான்கு வாயில்களை வகுத்த நியாய மதத்தினர், சப்தம் என்பதற்கு ஆப்தருடைய உபதேசம் என்று லக்ஷணம் கூறினார்கள். அந்த ஆப்தர் யாவர் என்ற வினாவுக்கு, கௌதமருடைய சூத்திரங்களுக்குப் பாஷ்யம் செய்த வாத்ஸ்யாயனர் கூறும் விடை நாம் கவனிக்கத்தக்கது. பொருளை நேராகக் கண்டறிந்தவராய், கண்டதைக் கண்டபடியே பிறருக்கு அறிவிக்க வேண்டும் என்ற இச்சையால் தூண்டப்பட்டவராய் இருப்பவரே ஆப்தர் என்று கூறிவிட்டு, இந்த லக்ஷணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்று அவர் மேலும் கூறுகிறார். பட்டமும் குலமும் ஒருவரை ஆப்தராக்க மாட்டா. கண்டதும், கண்டதை மறைக்காமற் சொல்லும் எண்ணமுமே ஆக்கும். சாஸ்திரிகள் இதை வேதப் பிராமாண்யத்துக்குப் பயன்படுத்தினார்கள். வாடகை அட்வான்ஸ் விஷயத்துக்கு நான் இறக்கிக் கொண்டுவருவதற்காக அவர்கள் கோபிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

முதலில், கண்டவர் என்பதை எவ்வாறு அறிவது என்று பார்ப்போம். கண்டவரின் சொல்லில் ஊரும் காலமும் ஒட்டிக்கொண்டிருக்கும். வீடு காலியாக இருக்கும் நாட்களைக் குறைப்பது எப்படி என்று இரண்டு பேர் பேசுவதாக வைத்துக்கொள்வோம். ஒருவர், நல்ல புகைப்படம் எடுங்கள், நியாயமான வாடகை சொல்லுங்கள், விசாரிக்க வருகிறவர்களுக்கு உடனே பதில் சொல்லுங்கள் என்கிறார். இவற்றில் பிழை ஒன்றுமில்லை. டில்லியிலும் சொல்லலாம், டோக்கியோவிலும் சொல்லலாம். மற்றொருவர், ஆனி மாதக் கடைசியில் குடித்தனக்காரர் காலி செய்தால் ஆவணி பிறக்கிறவரையில் வீடு பூட்டிக் கிடக்கும் என்கிறார். சென்னையிலும் தமிழ்நாட்டின் பிற ஊர்களிலும் வீட்டை விட்டவர்களுக்கு இதற்கு வியாக்கியானம் தேவையில்லை. ஆடியில் பால் காய்ச்சிப் புதுவீட்டுக்குக் குடிபோகிறவர்கள் இல்லை, மார்கழியிலும் அப்படியே. ஆகவே ஜூன் மாதத் தொடக்கத்தில் ஒரு குடித்தனக்காரர் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தால், வீட்டுக்காரர் மனத்துக்குள் கூட்டிக்கொள்ளும் கணக்கு ஒரு மாத நஷ்டம் அன்று, ஏறக்குறைய ஒன்றரை மாத நஷ்டம்.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஆடியில் யாரும் வரமாட்டார்கள் என்ற செய்தியைப் பஞ்சாங்கம் படித்தவர் எவரும் சொல்லிவிடலாம். உண்மையில் பல ஆடி மாதங்களைக் கடந்துவந்த வீட்டுக்காரர் அதோடு நிறுத்தமாட்டார். கிறிஸ்தவக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் ஆடியைப் பார்ப்பதில்லை என்றும், வேலை மாற்றலாகி வடநாட்டிலிருந்து வந்திறங்குகிறவருக்கு ஹோட்டல் வாடகை ஏறிக்கொண்டிருப்பதால் அவரும் மாதம் பார்ப்பதில்லை என்றும், பள்ளிக்கூடம் ஜூனில் திறப்பதால் குழந்தைகள் உள்ள குடும்பம் ஏப்ரல் மே மாதங்களிலேயே வீடு தேடி முடித்துவிடும் என்றும், ஆகையால் ஒப்பந்தம் எழுதும்போதே அது முடியும் மாதம் எது என்று பார்த்து எழுதவேண்டும் என்றும் சேர்த்துச் சொல்வார். விதியை மட்டும் சொல்கிறவர் கேட்டறிந்தவராக இருக்கலாம். விதிவிலக்கையும் கூசாமற் சொல்கிறவர் பெரும்பாலும் கண்டறிந்தவர்.

தண்ணீரைப் பற்றிய பேச்சிலும் இதே பரீட்சையை வைக்கலாம். 2019-ஆம் வருஷத்துக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் வறண்டு, சென்னை நகரம் லாரித் தண்ணீரை எதிர்பார்த்து நின்றபோது வீட்டைக் குடித்தனத்துக்கு விட்டிருந்தவர், லாரிக்குப் பணம் யார் கொடுப்பது என்ற வாக்கியம் ஒப்பந்தத்தில் இல்லாதது எவ்வளவு பெரிய குறை என்பதை மறக்கமாட்டார். அவர் இன்று ஒப்பந்தத்தைப் பற்றி வாய் திறந்தால், போர் தண்ணீர், மெட்ரோ தண்ணீர், சம்ப், மோட்டார் போடுகிறவர் யார், பொது மோட்டாரின் மின்கட்டணத்தை எப்படிப் பிரிப்பது என்று தொடங்கிவிடுவார். ஒரே மின் இணைப்பில் மூன்று குடித்தனங்களை வைத்துச் சப்-மீட்டரால் கணக்குப் பார்த்தவராயின், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் இலவச மின்சாரம் மூவருக்கும் சேர்த்து ஒரே பங்குதான் என்பதையும், மூவரும் சேர்ந்து ஓட்டுவதால் கட்டணம் மேல் அடுக்குக்குத் தாவிவிடும் என்பதையும், அதைக் குடித்தனக்காரருக்கு விளங்கவைப்பதற்குள் தம் தொண்டை வறண்டுவிடும் என்பதையும் கூறுவார். இவை அழகான விஷயங்கள் அல்ல. அழகில்லாத விவரங்களே பெரும்பாலும் உண்மையின் பக்கத்தில் குடியிருக்கின்றன.

இனிச் சட்டத்தைப் பற்றிச் சொல்லப்படும் யோசனைகளுக்கு வருகிறேன். நம்மவர் மிகவும் ஏமாறுவது இங்கேதான். 11 மாதத்துக்கு மேல் ஒப்பந்தம் எழுதாதே, எழுதினால் குடித்தனக்காரர் வீட்டுக்கே உரிமை கொண்டாடிவிடுவார் என்ற வாக்கியத்தை நீங்கள் ஒரு முறையேனும் கேட்டிருப்பீர்கள். செயல் சரி, சொல்லும் காரணம் முழுப் பொய். வருஷத்துக்கு வருஷம் நடக்கும் குத்தகையையும் ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையையும் கட்டாயமாகப் பதிவு செய்யவேண்டும் என்று 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் விதிக்கிறது. அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்ப்பதற்காகவே ஜனங்கள் ஒரு மாதத்தைக் குறைத்து 11 என்று எழுதத் தொடங்கினார்கள். வீடு கைமாறிப் போவதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. 12 வருஷம் குடியிருந்தால் வீடு அவருக்கே என்பதும் இத்தகைய பயமுறுத்தல்தான். வாடகை கொடுத்துக் குடியிருப்பவருடைய அனுபோகம் உடைமையாளரின் அனுமதியால் வந்ததாகையால், அதை எதிரிடை அனுபோகம் என்று கோர்ட்டு கொள்வதில்லை.

காரணம் தெரியாமல் காரியத்தை மட்டும் ஒப்பிக்கிறவர்கள் காலம் மாறியதையும் கவனிப்பதில்லை. இந்த மாநிலத்தில் 1960-ஆம் வருஷத்துக் கட்டிடக் குத்தகை வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறையில் இருந்த நெடுங்காலத்தில், ஒப்பந்தம் 11 மாதம் என்று இருந்தாலும், கெடு முடிந்தது என்ற ஒரே காரணத்தைக் காட்டி வீட்டுக்காரர் எவரையும் வெளியேற்ற முடியவில்லை. வேண்டுமென்றே வாடகை கொடாமல் இருந்தார் என்றோ, தம் சொந்தக் குடியிருப்புக்கு வீடு வேண்டும் என்றோ, இடித்துக் கட்டப்போவதாகவோ நிரூபித்தாக வேண்டியிருந்தது. நியாய வாடகையை நிர்ணயிக்கவும் அந்தச் சட்டத்தில் ஒரு கணக்கு இருந்தது. குடியிருப்பு வீடாயின் அதன் மதிப்பில் வருஷத்துக்கு 9 சதவீதம். அந்தக் காலத்தில் வழக்காடித் தலை நரைத்த ஒரு வீட்டுக்காரர், குடித்தனக்காரர் ஒருமுறை உள்ளே வந்தால் வெளியே போகமாட்டார் என்று இன்று சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை; தாம் கண்டதையே சொல்கிறார். ஆனால் 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்த புதுச் சட்டம் பழையதை அகற்றிவிட்டது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், 11 மாதமோ 3 வருஷமோ அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவேண்டும், தகராறு வந்தால் வாடகை நீதிமன்றத்துக்குப் போகவேண்டும் என்பது இப்போதைய ஏற்பாடு. ஆகவே, அனுபவம் உண்டா என்று கேட்பதோடு நில்லாமல், எந்த வருஷத்து அனுபவம் என்றும் கேட்கவேண்டியிருக்கிறது.

வேறொரு ரகத்தினர் புதிதாகப் படித்துவிட்டு வந்து பேசுவார்கள். அட்வான்ஸ் இரண்டு மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது, மத்திய அரசின் சட்டம் வந்துவிட்டது என்று அடித்துச் சொல்வார்கள். 2021 ஜூனில் மத்திய மந்திரிசபை அங்கீகரித்தது ஒரு மாதிரிச் சட்டம். மாநிலங்கள் அதை ஏற்றுத் தாமாகச் சட்டம் செய்தாலன்றி அது எவரையும் கட்டுப்படுத்தாது. தமிழ்நாட்டுச் சட்டத்தில் உள்ள அளவு மூன்று மாத வாடகை; அதுவும், இருதரப்பினரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய என்ற முன்னுரையோடு வருகிறது. பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் வழக்கம் சென்னையில் முற்றும் மறையாததற்கு அந்த முன்னுரை இடம் கொடுக்கிறது. இதைச் சரியாகச் சொல்கிறவர் குறைந்தபட்சம் காகிதத்தையாவது பார்த்தவர். அதற்கு நேர்மாறாக, வாடகை தராவிட்டால் தண்ணீரை நிறுத்து, ஃப்யூஸைப் பிடுங்கு, தானே ஓடுவான் என்று வீரம் பேசுகிறவரை நான் ஒரு கணமும் நம்பமாட்டேன். பழைய சட்டமும் அதைத் தடுத்தது, புதுச் சட்டமும் தடுக்கிறது. அப்படிச் செய்து ஒருமுறையேனும் வாடகை நீதிமன்றத்தில் நின்றவர் அதைச் சபையில் சொல்லிப் பெருமைப்பட மாட்டார்.

இதுவரை சொன்னவற்றை ஒரே கேள்வியில் அடக்கிவிட முடியுமா என்று நான் யோசித்ததுண்டு. முடியும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒருவர் வீடு வாடகைக்கு விடுவதைப் பற்றி எவ்வளவு பேசினாலும் பேசட்டும். கடைசியில், நீங்கள் அட்வான்ஸை எப்படித் திருப்பிக் கொடுத்தீர்கள் என்று கேளுங்கள்.

குடித்தனக்காரரைத் தேர்ந்தெடுப்பது, வாடகை நிர்ணயிப்பது, ஒப்பந்தம் எழுதுவது ஆகிய ஆரம்ப வைபவங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஏராளம். முடிவைப் பற்றிப் பேசுகிறவர்கள் அருமை. வீடு காலி செய்யும் நாளில் நடப்பது என்ன என்பது அங்கே நின்றவருக்கே தெரியும். மேற்கு மாம்பலத்தில் இரண்டு போர்ஷன்களைக் குடித்தனத்துக்கு விட்டிருக்கும் ஓர் அம்மாளை நான் அறிவேன். கணவர் காலமான பிறகு இந்த வாடகையாலேயே ஜீவிப்பவர். அவரிடம் அட்டை போட்ட ஒரு நோட்டுப்புத்தகம் இருக்கிறது. குடிவந்த தேதி, அன்றைய மீட்டர் ரீடிங், மின்விசிறி எத்தனை, குழாய் எத்தனை, அவற்றில் சொட்டுவது எது, சாவி எத்தனை ஜோடி, சுவரில் முன்பே அடித்த ஆணி எங்கெங்கே என்று ஒவ்வொன்றும் எழுதிக் குடித்தனக்காரரிடம் கையெழுத்து வாங்கியிருப்பார். காலி செய்யும் அன்று அவரும் குடித்தனக்காரரும் அந்த நோட்டோடு அறை அறையாகப் போவார்கள்.

"இந்த ரெண்டு ஆணியும் நாங்க வரும்போதே இருந்ததும்மா."

"ஒண்ணுதான் இருந்தது தம்பி. இதோ, நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க, பாருங்க."

"சரிம்மா, ஒரு ஆணிக்கு என்ன பிடிக்கப் போறீங்க?"

"ஆணிக்கு ஒண்ணும் வேண்டாம். சமையல்கட்டுச் சுவர் கரி பிடிச்சிருக்கு பாருங்க, பெயிண்டுக்கு அதைச் சேர்த்துக்கலாம்."

அவர் கடைசி மின்கணக்கு வரும்வரை ஒரு சிறு தொகையை நிறுத்திவைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்துவிடுவார். இரண்டு மாதக் கணக்குக்கு நடுவில் காலி செய்கிறவரிடம் வேறு என்ன செய்ய முடியும்? பெயிண்ட் அடிக்க ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்வது ஊர் வழக்கம் என்கிறார்கள். மூன்று வருஷம் குடியிருந்தவரிடமும் ஆறு மாதத்தில் போகிறவரிடமும் ஒரே தொகையைப் பிடிப்பது நியாயமா என்று கேட்டால், அந்த அம்மாள் இல்லை என்றே சொல்வார். ஆறு மாதத்தில் போகிறவரால் சுவர் அழுக்காகியிராது, ஆனால் தரகருக்குக் கொடுத்த பணம் வீணாகியிருக்கும், ஆகவே ஒப்பந்தத்திலேயே அதற்கு ஒரு வரி போட்டுவிட்டேன் என்பார். இது எந்தப் புத்தகத்திலும் அவர் படித்ததன்று.

அவரே ஒரு நாள் சொன்ன மற்றொரு உண்மை, வீட்டுக்காரர்களில் பெரும்பாலோர் வெளியே சொல்லாதது. வாங்கிய அட்வான்ஸ் பெட்டியில் இருப்பதில்லை. பெண்ணின் கலியாணத்துக்கோ, மாடியில் ஓர் அறை எடுப்பதற்கோ, வங்கிக் கடனைக் குறைப்பதற்கோ அது செலவாகிவிட்டது. பழைய குடித்தனக்காரருக்குத் திருப்பிக் கொடுக்கும் பணம், புதிய குடித்தனக்காரர் கொடுக்கப்போகும் பணந்தான். காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கி கழித்து அட்வான்ஸைத் திருப்பவேண்டும் என்கிறது சட்டம். ஆடி மாதமோ புதியவரை உள்ளே விடாது. சட்டம் ஒருபுறம், சம்பிரதாயம் ஒருபுறம், நடுவில் வங்கியில் உள்ள சொற்பத் தொகை. இந்த இடுக்கில் ஒருமுறை நின்றவர், வீடு வாடகைக்கு விடுகிறவருக்கு முதல் புத்திமதியாக என்ன சொல்வார்? அட்வான்ஸைத் தொடாதே, தனிக் கணக்கில் போட்டு வை என்பார். நின்றிராதவர் அட்வான்ஸை முதலீடு செய்து பெருக்கும் வழிகளைப் பட்டியலிடுவார். வாத்ஸ்யாயனர் சொன்ன நேரான காட்சிக்கு இந்தக் காலத்தில் இதைவிடத் தெளிவான உரைகல்லை நான் காணவில்லை.

ஆப்தருக்குச் சொன்ன இரண்டாவது லக்ஷணம், கண்டதைக் கண்டபடி சொல்லும் இச்சை. அனுபவம் நிறைந்த தரகர் இதில் தவறக்கூடும். அவருக்கு வீடுகளைப் பற்றி நம்மைவிட நூறு மடங்கு தெரியும். ஆனால் குடித்தனம் அடிக்கடி மாறினால்தான் அவருக்கு வருமானம். ஒரே குடித்தனம் ஏழெட்டு வருஷம் நிலைத்திருப்பது வீட்டுக்காரருக்குப் பாக்கியம், தரகருக்கு நஷ்டம். ஆகவே, வருஷத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றினால்தான் வாடகை ஏறும் என்று அவர் சொல்வதில் அனுபவமும் உண்டு, சுயநலமும் உண்டு. அடுக்குமாடி வீடு விற்கிறவர்கள் சொல்லும் வாடகைக் கணக்கிலும், வாடகையாலேயே செல்வராகும் வித்தையைக் கட்டணம் வாங்கிக் கற்பிக்கிறவர்களின் கணக்கிலும் இதே கலப்பு இருக்கிறது. இந்தக் கடைசி வகையினரைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும்: வாடகையாலேயே செல்வம் வந்திருந்தால் வகுப்பு நடத்தும் சிரமம் எதற்கு?

அவர்களுடைய கணக்கைச் சற்றே பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 80 லட்ச ரூபாய் வீடு, மாதம் 22,000 ரூபாய் வாடகை, வருஷத்துக்கு 2,64,000, அதாவது 3.3 சதவீதம் என்று சொல்வார்கள். சொல்கிறவர் வீடு விட்டவராயின், பன்னிரண்டு மாதமும் வாடகை வரும் என்று பெருக்கவே மாட்டார். ஒரு மாதம் காலியாக இருந்தால் 22,000 போயிற்று. ஆள் மாறியபோது பெயிண்டுக்கும் குழாய்க்கும் 30,000 என்று வையுங்கள். இரண்டு அரையாண்டுச் சொத்துவரி 6,000. சங்கத்துக்குக் கட்டும் பராமரிப்புத் தொகையை வீட்டுக்காரரே ஏற்றால் மாதம் 3,000 வீதம் 36,000. மிஞ்சியது 1,70,000, விகிதம் 2-க்கு மேல் சொற்பம். இந்த எண்கள் உதாரணத்துக்கு நான் வைத்தவை. உங்கள் வீட்டின் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளலாம். வருமான வரியிலோ, கட்டிய சொத்துவரியைக் கழித்துவிட்டு, பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் மிச்சத்தில் 30 சதவீதம் தள்ளுபடி உண்டு. ஆகையால் பெயிண்ட் ரசீதுகளைக் கட்டிவைத்து வரி அலுவலகத்தில் காட்டுங்கள் என்று யோசனை சொல்கிறவர் தம் வாடகை வருமானத்துக்குக் கணக்கு எழுதிப் பார்த்ததே இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால் குடித்தனக்காரரே வரி பிடித்துக் கட்டவேண்டும் என்பதும், அது 2024 அக்டோபர் முதல் 5 சதவீதத்திலிருந்து 2 ஆயிற்று என்பதும் பெரிய வீடு விட்டவர்களுக்கு நினைவூட்ட வேண்டாதவை.

இனி, எனக்குச் சற்று வருத்தம் தரும் ஒரு பகுதிக்கு வருகிறேன். மெய்யான அனுபவம் உடையவர், மெய்யாகவே உதவி செய்யும் எண்ணம் உடையவர், ஆயினும் தவறான யோசனை சொல்வதுண்டு. என் அனுபவத்தில் பிரம்மச்சாரிகளுக்கு விடவே கூடாது, என் அனுபவத்தில் இன்ன ஜாதியார் வாடகை தரமாட்டார்கள், இன்ன மதத்தாருக்குக் கொடுத்தால் வீடு வீணாகும், சைவர்களுக்கு மட்டும் விடுங்கள் என்று அவர்கள் அடுக்குகிறபோது, அந்த அனுபவம் எத்தனை பேரைப் பற்றியது என்று கேட்டால் ஒருவர், மிஞ்சினால் இருவர் என்ற விடை வரும். ஒரு குழாய் கசிந்ததைக் கொண்டு அந்தக் குழாயைப் பற்றிப் பேசலாம். ஒரு மனிதர் பாக்கி வைத்துப் போனதைக் கொண்டு அவருடைய ஜாதியையும் ஜில்லாவையும் பற்றிப் பேசுவது அனுமானம். அதுவும் ஹேது இல்லாத அனுமானம். தர்க்க சாஸ்திரிகள் ஹேத்வாபாசம், அதாவது போலிக் காரணம், என்று தள்ளிவிட்ட வகை. இருப்பினும், இணையத்தில் கேட்கும் யோசனைகளில் இத்தகையவற்றுக்கே தலையசைப்பு அதிகம் கிடைக்கிறது. முன்பே நம் மனத்தில் இருந்ததை வேறொருவர் அனுபவம் என்ற முத்திரை குத்தி நீட்டும்போது, முத்திரையைப் பரிசோதிக்க நமக்கு மனம் வருவதில்லை. சைவர்களுக்கு மட்டும் என்று வீட்டு வாசலில் தொங்கும் பலகையைப் படித்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போன நல்ல குடித்தனக்காரர் எத்தனை பேர் என்பது அந்த வீட்டுக்காரரின் அனுபவத்தில் ஒருபோதும் சேராது.

ஊர் மாறினால் அனுபவமும் மாறும் என்பதையும் மறக்கலாகாது. சில ஊர்களில் மாத வாடகையே இல்லாமல், பெருந்தொகை ஒன்றை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, காலி செய்யும்போது அதை அப்படியே திரும்பப் பெறும் ஒத்தி முறை பரவலாக இருக்கிறது. அங்கே வீடு விட்டவருக்கு வாடகைப் பாக்கி என்ற கஷ்டமே தெரியாது. அவருடைய கவலையெல்லாம் மொத்தத் தொகையைத் திருப்பும் நாளைப் பற்றியதாகவே இருக்கும். அவர் யோசனையை அண்ணாநகர் வீட்டுக்குப் பொருத்துவது வீண். பெங்களூரில் நான்கு வீடு விட்டவரானாலும் கர்நாடகச் சட்டத்தைத்தான் அவர் பார்த்திருப்பார்.

ஒரு நண்பர் கேட்டார்: நீர் சொல்லும் விவரங்களையெல்லாம் செயற்கை நுண்ணறிவு இயந்திரமே இப்போது எழுதிவிடுமே; ஆடியும் மார்கழியும் அதற்கும் தெரியுமே, பிறகு என்ன பரீட்சை என்று. நியாயமான ஆட்சேபம். விவரம் இருப்பது மட்டும் போதாது. விவரத்தின் மேல் இரண்டாவது கேள்வியைக் கேட்டுப் பார்க்கவேண்டும். சங்கத்துப் பராமரிப்புத் தொகையை யார் கட்டினார்கள், அதற்காகச் சண்டை வந்ததா, முன்பு செய்துவந்து பிறகு விட்டுவிட்ட வழக்கம் எது என்று கேட்டால், கண்டவர் தயங்கி, ஞாபகப்படுத்திக்கொண்டு, பாதி விஷயத்தில் அது அந்தந்த ஆளைப் பொறுத்தது என்று சொல்வார். காணாதவரிடம் தயக்கம் இராது.

கேட்க ஆள் கிடைக்காமல் கைபேசியைத் தேடுகிறோம் என்பவர்களுக்கு, பக்கத்திலேயே ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொல்வேன். உங்கள் தெருவில் பல வீடுகளின் மோட்டாரைப் பழுதுபார்க்கும் பிளம்பருக்கு எந்த வீட்டில் குடித்தனம் நிலைக்கவில்லை, ஏன் நிலைக்கவில்லை என்பது தெரியும். அடுக்குமாடி வாட்ச்மேனுக்கும் தெரியும். எல்லோரிலும் மேலாக, வீடு விடுவதைப் பற்றி நமக்குச் சொல்லத்தக்க பிரத்தியட்ச சாட்சி, நாம் ஒருநாளும் கேட்க நினைக்காத ஒருவர். அவரே அந்த வீட்டைக் காலி செய்து போகிற குடித்தனக்காரர். மழைக்காலத்தில் எந்தச் சுவர் ஓதம் காக்கிறது, எந்த நேரத்தில் மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறுவதில்லை, வாடகை உயர்த்தியபோது அவர் மனத்தில் என்ன கணக்கு ஓடிற்று, வேறு வீடு தேடத் தொடங்கியது எந்த மாதத்தில், எதனால் என்பவற்றை அவரைவிட அறிந்தவர் இல்லை. ஆனால் சாவியை வாங்கிக்கொண்டு, அட்வான்ஸை எண்ணிக் கையில் கொடுத்து, ஒரு காபியும் கொடுத்த பிறகே அவரைக் கேட்கவேண்டும். பணம் உங்கள் கையில் இருக்கிறவரையில் அவர் உங்கள் வீட்டைப் புகழ்ந்துகொண்டேதான் இருப்பார்.